சர்வேயருக்குப் பக்கத்தில் நின்றவர்

(நீலகிரியின் பழைய நிலப்படங்கள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை ‘வரைபட ஆராய்ச்சியாளர்’ என்று அறிமுகப்படுத்தினார். அவ்வளவு பெரிய ஆள் இல்லை நான். அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் மேட்டுப்பாளையம். வேலை கிடைத்து மலையேறினேன், இறங்க மனம் வராமல் இங்கேயே தங்கிவிட்டேன். முப்பது வருடமாகப் பழைய டோப்போ ஷீட்டுகளைச் சேர்த்துவருகிறேன். வீட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மேடையில் சொல்ல முடியாது.

இந்த மேசையில் விரித்திருக்கும் படம் பின்வரிசைக்குத் தெரியாது. தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்துப் பதிப்பு. ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்துக்குள் அடக்கியது. கட்டம் கட்டமாக வெட்டித் துணியில் ஒட்டியிருக்கிறார்கள். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மலையேறுவதற்காக. மடிப்பு விழும் இடங்களில் மட்டும் தாள் தேய்ந்து துணி தெரிகிறது. யாரோ பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறார்.

மேல் மூலையில் 58 ஏ/11 என்று எண். பார்த்தால் பேருந்துத் தட எண் மாதிரி இருக்கும், கணக்கு எளிது. நாட்டை நான்கு பாகைச் சதுரங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள், நம்முடையது 58. அதைப் பதினாறாகப் பிரித்து ஆங்கில எழுத்து கொடுத்தார்கள். நமக்கு வாய்த்தது ‘ஏ’. அந்த ஒரு பாகையை மறுபடி பதினாறாக்கினால் பதினொன்றாவது துண்டில் உதகையும் தொட்டபெட்டாவும் வருகின்றன. குன்னூரும் கோத்தகிரியும் அடுத்த தாளில், 58 ஏ/15இல். ஒரு தாள் என்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நிலம். குன்னூரில் பெண் எடுத்து உதகையில் வாழ்கிறவருக்கு மாமியார் வீடு அடுத்த ஷீட்டில் இருக்கிறது.

படம் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். வகுப்பில் நான் சாக்பீஸுக்கு முன்னால் எடுத்தது ஊட்டி உருளைக்கிழங்கு. பாதியாக வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் மலை. அதை ஒரே கனத்தில் கிடைமட்டமாகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்தால், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் கிடைக்கும். சமஉயரக் கோடு அவ்வளவுதான். பழைய தாளில் அடிக் கணக்கு; இப்போதைய 1:50,000 தாளில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் நடக்கலாம். எல்லாக் கோடும் சேர்ந்து மேட்டுப் பக்கமாக மூக்கை நீட்டினால் அங்கே ஓடை. மாணவர்கள் இதை மறந்துவிட்டார்கள், உருளைக்கிழங்கை மறக்கவில்லை. பாடம் முடிந்ததும் அது சத்துணவுக் கூடத்துக்குப் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் மூன்று வகைச் செய்தி இருக்கிறது: கோடு, பெயர், வெற்றிடம். கோட்டை நான் பெரும்பாலும் நம்புகிறேன். அது கருவியின் வேலை. பெயரைச் சந்தேகப்படுகிறேன். வெற்றிடத்தைக் கண்டால்தான் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இந்த மலை கும்பினி ஆட்சியின் கைக்கு வந்தது 1799இல், திப்பு வீழ்ந்த பிறகு. ஆனால் கீழே இருந்தவர்களுக்கு மேலே என்ன இருக்கிறதென்று பல வருடம் தெரியாது. அதற்கு இரு நூற்றாண்டு முன்பே, 1603இல், ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறி வந்து, எருமை மேய்க்கும் தோதவர்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குறிப்பு கிடந்த இடம் கும்பினிக்காரர்களுக்குத் தெரியாது. 1812இல் கோயம்புத்தூர்க் கலெக்டர், வில்லியம் கீஸ் என்ற உதவி சர்வேயரை மக்மஹோன் என்பவரோடு மேலே அனுப்பினார். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் ஏறினார்கள். 1819இல் கலெக்டர் சல்லிவன் வந்தார். அதன் பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், சிலைகூட வைத்திருக்கிறோம்.

இந்த முன்னோடிகளின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் ஊர் உண்டு: மலையடிவாரத்துத் தணாய்க்கன்கோட்டை. பழைய படத்தில் கோட்டைக்குரிய குறி அந்த இடத்தில் இருக்கும். இன்றைய படத்தில் அதே இடம் முழுக்க நீலம். 1955இல் முடிந்த பவானிசாகர் அணை அதை மூழ்கடித்துவிட்டது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும், பத்திரிகையில் புகைப்படம் வரும், எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். நீலகிரிக்கு ஏறிய பழைய வாசல் இன்று மீன் பிடிக்கும் இடம்.

முறையான முதல் அளவை கேப்டன் வார்டு செய்தது, 1821-22இல். திருவிதாங்கூரையும் கொச்சியையும் கானர் என்பவரோடு அளந்து முடித்த கையோடு பழனி மலைக்கும் நீலகிரிக்கும் வந்தவர். அவர் காலத்துப் படங்களில் சமஉயரக் கோடு கிடையாது. சரிவை மயிர் மயிரான சிறு கோடுகளால் நிழலிட்டிருப்பார்கள். மலைத்தொடர் முழுவதும் தாளின்மேல் கம்பளிப்பூச்சிகள் ஊர்வது போல இருக்கும். அழகு அழகுதான், ஆனால் எந்தச் சரிவு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லாது. அடுத்து 1847இல் ஆக்டர்லோனி மறுபடி அளந்து நீண்ட அறிக்கை எழுதினார். கீஸ், வார்டு இருவர் எழுதியதும் 1880இல் கிரிக் வெளியிட்ட நீலகிரி மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது. பொடி எழுத்து, கண்ணைக் கெடுக்கும். இருந்தாலும் படியுங்கள்.

அந்த ஆக்டர்லோனியின் பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது, தெரியுமா? அவருடைய சகோதரர் ஜேம்ஸ், கூடலூருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் காப்பி பயிரிட்டார். அது ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு ஆயிற்று. அவ்வளவு நீளப் பெயரை எந்தத் தொழிலாளி சொல்வான்? எழுதுகிறவர்கள் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஓ’ வேலி என்றார்கள், மக்கள் அதை ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். இன்று ஓவேலி பேரூராட்சி என்று அரசுப் பலகையே இருக்கிறது. ஒருமுறை ஒரு பட்டதாரி ஆசிரியர் என்னிடம், ‘ஓ’ என்பது மதகைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், ‘வேலி’ நில அளவு, ஆகவே ஓவேலி சங்ககாலப் பெயர் என்று அரைமணி நேரம் விளக்கினார். அவரை ஏமாற்றமடையச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பெயர்களை நான் ஏன் சந்தேகப்படுகிறேன் என்பதற்கு இது வேடிக்கையான சாட்சி. வேடிக்கையில்லாத சாட்சிகளும் உண்டு. அந்தக் காலத்துச் சர்வே முகாமை மனதில் ஓட்டிப் பாருங்கள். மேசைப் பலகையை முக்காலியில் நிறுத்தி, எதிரே தெரியும் குன்றைக் குறிபார்க்கிறார் சர்வேயர். ‘அது என்ன?’ என்கிறார் ஆங்கிலத்தில் அல்லது அரைகுறைத் தமிழில். கொடி பிடித்த கலாசி சமவெளியிலிருந்து வந்தவன். அவன் திரும்பி மூட்டை சுமக்க வந்த படகரைக் கேட்கிறான். படகர் தங்கள் மொழியில் அந்த இடத்துக்கு உள்ள பெயரைச் சொல்கிறார். அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருக்கும் தோதவரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், அவர் மொழியின் ஒலிகளைச் சமவெளிக் காது பிடிப்பது கடினம். கலாசி தனக்குக் கேட்டதைச் சொல்ல, துரை தனக்குக் கேட்டதை எழுதினார்.

விளைவு? தோதவர் குடியிருப்பு என்றால் படமெங்கும் ‘மண்ட்’. மந்து என்ற அந்தச் சொல்லே தோதவருடையது கிடையாது. அவர்கள் ‘மோத்’ போல ஒலிக்கும் ஒரு சொல்லைச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் வாயில் அது மந்து. உதகைக்கு மேற்புறம், கூம்புக் கூரைக் கோயில் இருக்கும் முத்தநாடு மந்தைப் பார்த்திருப்பீர்கள். வருடக் கடைசியில் விழா நடக்கும், இளைஞர்கள் கல் தூக்குவார்கள். முத்தநாடு என்பது நாம் சொல்லும் பெயர். தோதவர் அதை நோர்ஷ் என்பார்கள். தமிழ் எழுத்துக்கு அந்த ஒலி சரியாக அடங்காது. 1901-02இல் இங்கே தங்கி ஆய்வு செய்த ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட தம் நூலில் மந்துகளின் இரண்டு பெயர்களையும் கொடுத்தார். சர்வேக்காரர்கள் பல பத்தாண்டுகளில் செய்யாததை அந்த மருத்துவர் சில மாதங்களில் செய்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் தோதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கோத்தகிரியும் இப்படித்தான். ‘கிரி’ என்று முடிவதால் மலை என்று நினைக்கிறோம். கோத்தர் கேரி, அதாவது கோத்தர்கள் வாழும் தெரு என்பதே அதன் வேர். மலைமேல் கோத்தர்களுக்கு ஏழு ஊர்தான். பானை வனைந்து, இரும்படித்து, வாத்தியம் வாசித்து மலையின் மற்ற சமூகங்களோடும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். எந்த எழுத்தரோ கேரியைக் கிரியாக்கி அவர்களை ஊர்ப்பெயரிலிருந்து கழற்றிவிட்டார். உதகையின் கதையைச் சொல்லவே வேண்டாம். 1821 மார்ச்சில் ஒரு சென்னைப் பத்திரிகைக் கடிதத்தில் அது ‘வோட்டோகிமண்ட்’ என்று அச்சாகியிருக்கிறது. அன்று தொடங்கி நாம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் பெயரைத் தவறாக எழுதியது பெரிய குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தவறாகவாவது எழுதினார்களே! எழுதாமல் விட்டதுதான் பின்னால் ஊர்களைச் சுட்டது.

இந்த மலையின் வடகிழக்குச் சரிவுகளைப் படத்தில் பாருங்கள். அடர் பச்சை, நெருங்கிய பழுப்புக் கோடுகள், பெயரே இல்லை. அந்தப் பச்சைக்குள் இருளர்களும் குறும்பர்களும் இருந்தார்கள். வெள்ளரிக்கொம்பை போன்ற குடியிருப்புகளில் பத்து வீடு, பதினைந்து வீடு. ராகியும் சாமையும் விதைத்து, மண் சோர்ந்தால் அடுத்த இடம் போவார்கள். அடிவாரக் காட்டில் காய்ச்சல் பயங்கரம். சர்வே முகாம் அங்கே எத்தனை நாள் தங்கும்? குன்றின் மேலிருந்து பார்த்துக் கோட்டைப் போட்டுவிட்டு வந்துவிடும். குடிசை மரத்தடியில் இருக்கிறது, மேலிருந்து தெரியாது. தெரியாதது படத்தில் இல்லை.

தோதவர் விஷயத்தில் எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களில் அவர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஈரம் மிச்சமிருக்கும் குந்தாப் பக்கத்து மந்துகளுக்குப் போவார்கள். சர்வேக்காரர்களும் வானம் தெளிந்த அதே மாதங்களில்தான் ஏறுவார்கள். எருமையின் பருவமும் தியோடலைட்டின் பருவமும் ஒன்று. ஆளில்லாத மந்தைப் பார்த்துக் ‘கைவிடப்பட்டது’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. மழை பெய்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள், அடைப்புக்குறி மட்டும் அங்கேயே இருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைக்கலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோருவோர் காட்டும் சான்றுகளில் அரசாங்க நிலப்படத்தையும் சேர்த்திருக்கின்றன. அதாவது நூறு வருடத்துக்கு முன் ஒரு சர்வேயர் மனம் வந்து போட்ட கறுப்புப் புள்ளி, இன்று ஒரு குடும்பத்தின் நிலத்துக்கு ஆதாரம் ஆகலாம். புள்ளி இல்லாதவர்களுக்கு? ஓர் இருளர் பெரியவருக்குத் துணையாக நான் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இளம் அதிகாரி, மரியாதையானவர்தான். படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல உங்க ஊரே இல்லையே, ஐயா” என்றார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து வெற்றிலையை மடித்தபடி, “சார், அவங்க வந்தப்ப நாங்க தேனெடுக்கப் போயிருந்திருப்போம்” என்றார். படத்தில் இல்லாததை வைத்து முடிவு சொல்லக்கூடாது, முதியோர் வாக்குமூலமும் அதே சட்டத்தில் சான்றுதான் என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிறிது பலன் இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது என் வீட்டுக்கு வந்து, ‘எங்க தாத்தா நிலம் இந்தப் படத்துல இருக்கான்னு பாருங்க, வாத்தியாரே’ என்பார்கள். இருக்காது. டோப்போ ஷீட்டுக்குச் சொந்தக்காரன் யார் என்ற கவலை கிடையாது. அதற்குத் தாலுகா அலுவலகத்தில் புலப்படம் இருக்கிறது, அங்கே போய் எஃப்.எம்.பி. கேளுங்கள் என்று அனுப்பிவைப்பேன்.

கோட்டை நம்புகிறேன் என்றேனே, அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். என்னிடம் படித்த ஒரு பையனின் வீட்டுப் பின்சுவர் முழுவதும் சேற்றோடு போயிற்று, ஆள் தப்பினான். அவன் வந்து, “சார், அங்க ஓடையே கிடையாது, தண்ணி எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டான். இரண்டு படங்களையும் எடுத்துக் கீழே வைத்தேன். பழைய தாளில் அவன் வீடு இருக்கும் இடத்தில் கோடுகள் வரிசையாக மேலே மூக்கை நீட்டுகின்றன. நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைக்கு உள்ள குறி. புதிய தாளில் அந்த இடத்தில் வீடுகளின் சிவப்புச் சதுரங்கள். இடையில் யாரோ மண்ணை நிரப்பி மட்டம் செய்து மனை போட்டு விற்றிருக்கிறார்கள். பையன் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்திருந்தான். “மனை வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருக்கணும், சார்” என்றான். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் வரை நானே பெயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோடுகளைப் பார்க்கவில்லை.

மேற்கே போனால் தாளின் நிறமே மாறிப்போகிறது. பழைய படத்தில் குந்தாப் பக்கம் பெரும்பாலும் வெள்ளை, அதாவது மரமில்லாத புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைகளின் பச்சைத் திட்டு. புல்லை வெறும் தரிசு என்று நினைத்தவர்கள் சீகையும் தைலமரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் நாமும் அதையே இன்னும் வேகமாக நட்டோம். பச்சை கூடியதால் காடு வளர்ந்துவிட்டது என்று புதிய படத்தைப் பார்க்கிறவர் நினைப்பார். எருமை மேய்க்கிறவருக்குத்தான் அங்கே என்ன போயிற்று என்று தெரியும்.

பச்சைக்கு அடுத்து நீலம். 1950களில் கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் தொடங்கியது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர்த்தேக்கங்கள். அணைக்கு முந்தைய தாளில் அந்தப் பள்ளத்தாக்குகளின் அடித்தரை இருக்கிறது: பாதை, ஓடைகள் சேரும் இடம், கோடுகளின் வளைவு. இப்போதைய தாளில் ஒரே சீரான நீலம். ஏரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்து பழைய தாள்தான் வழி. போர்த்திமந்து என்ற பெயரைக் கவனித்தீர்களா? அணைக்குள்ளேயே ஒரு மந்து உட்கார்ந்திருக்கிறது.

பழைய படங்களைத் தேட முன்பு படாதபாடு பட்டோம். பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல தாள்களைத் தரமாட்டார்கள். 2005 தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017இல் நக்ஷே இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது, 2021இல் விதிகள் இன்னும் தளர்ந்தன. ஆனால் புதிய வரிசையில் தாள் எண் மாறிவிட்டது, 58 ஏ/11 என்று தேடினால் கிடைக்காது. இளைஞர்கள் யாராவது உதவுங்கள்; எனக்குக் கடவுச்சொல் மறந்து மறந்து போகிறது.

புதிய படத்திலும் வெற்றிடம் உண்டு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் குடியேற்றினோம். அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. ஹட்டனிலும் பதுளையிலும் ஒவ்வொரு லயத்துக்கும் பாறைக்கும் பெயர் வைத்திருந்தவர்கள் அவர்கள். இங்கே படத்தில் அவர்கள் ஊருக்குக் கிடைத்தது ஒரு நிறுவனத்தின் பெயரும் ஒரு டிவிஷன் எண்ணும். இந்தமுறை கேட்காமல் விட்டது வெள்ளைக்காரர் இல்லை.

போன வருடம் எமரால்டு பக்கத்துப் படகர் ஹட்டி ஒன்றில் ஒரு பாட்டியம்மாவிடம் தாளை விரித்தேன். எண்பதைத் தாண்டியவர், எழுதப்படிக்கத் தெரியாது. முதலில் “இது என்ன, கோலமா?” என்றார். ஏரி எது, பெரிய ரோடு எது என்று பேரன் விரல் வைத்துக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து விரலை நகர்த்தி நகர்த்திப் பெயர்கள் சொல்ல ஆரம்பித்தார், பேரன் தமிழில் சொன்னான்: பன்றி இறங்கும் ஓடை, கிழவி உட்கார்ந்த கல், விளக்கு வைக்கும் திருப்பம். தாளில் ஒரே ஒரு பெயர் இருக்கும் இடத்தில் பதினான்கு பெயர்கள் எழுதினேன். பதினைந்தாவது பெயரைச் சொன்னபோது அவர் விரல் நீலத்தின்மேல் இருந்தது. “அம்மா, அது ஏரி” என்றேன். “இப்பத்தானே ஏரி” என்றார்.

நேரமாகிவிட்டது, தேநீர் வந்துவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். மேசையில் பழையது, புதியது இரண்டு தாள்களும் இருக்கும், அவற்றின்மேல் டிரேசிங் தாள் விரித்து நான்கு மூலையிலும் கிளிப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கத்து ஓடை, பாறை, ஒற்றையடிப்பாதை எதற்காவது பெயர் தெரிந்தால் அந்த இடத்தில் எழுதுங்கள். படகு, தமிழ், மலையாளம், எந்தப் பேச்சிலும் எழுதலாம். எழுத வராவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். பேனா வேண்டாம், துணியில் ஊறிவிடும். பென்சில் ஜாடியில் இருக்கிறது. தேநீர்க் கோப்பையை மட்டும் தயவுசெய்து படத்தின்மேல் வைக்காதீர்கள்.